சம்மதமின்றி எழுந்த யாப்பு

அரசியல் யாப்பொன்றின் வலிமை அதன் வாசகங்களிலும் பார்க்க, அஃது ஆக்கப்பட்ட முறையிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பது எமது கருத்து. 1787இல் பிலடெல்பியாவிற் கூடிய மாநாட்டில், சனத்தொகைவழிப் பிரதிநிதித்துவம் தம்மை விழுங்கிவிடுமெனச் சிறிய மாநிலங்கள் அஞ்சின. வெளியேறுவோம் எனவும் அச்சுறுத்தின. ஈற்றில் செனற் சபையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் என்பது ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது. (அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணித்த உடன்பாடும் அங்கேயே பிறந்தது. அவர்தம் சம்மதத்தை எவரும் கேட்டிலர்.)

வெளியேற முனைவோரை இருத்தி வைப்பதெவ்வாறு என்னும் இக்கேள்வி எமது நாட்டிலும் எழுந்தது. 1970 யூலையில் கொழும்பு நவரங்கஹல மண்டபத்திற் கூடிய அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சியும் பங்குபற்றியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு ஓரினத்துக்கு மட்டும் பாதகமான சட்டங்களைத் தடைசெய்திருந்தது. ஆயினும் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தையோ 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையோ அது தடுத்து நிறுத்தவில்லை. ஆதலாற் கட்சி சமஷ்டியைக் கோரியது. உடுவில் உறுப்பினர் வி. தர்மலிங்கம், சமஷ்டிக்கு மக்களாணை இல்லையெனின் கச்சேரிகளை அகற்றித் தெரிவுசெய்யப்பட்ட சபைகளையாவது நிறுவுமாறு கேட்டார். கோரிக்கை எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1971 மார்ச்சில் கட்சியின் திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. மொழி பற்றிய திருத்தங்களும் நிராகரிக்கப்படவே, யூனில் கட்சி வெளியேறியது. அரசாங்கத்திடம் மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மை இருந்தது. சபை தன் பணியைத் தொடர்ந்தது.

1972 மே 22இல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. ஒக்டோபரில் கட்சித் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, யாப்பைத் தமிழர் ஏற்றனரா என்பதை இடைத்தேர்தலில் வாக்காளரே கூறட்டும் என்றார். அத்தேர்தல் 1975 பெப்ரவரியிலேயே நடத்தப்பட்டது. அவரே வென்றார்.