மார்புக் கட்டியும் ஒரு நாள் சம்பளமும்

மார்பகப் புற்றுநோய் என்றதும் நம் தோட்டப் பக்கம் இரண்டே பேச்சுதான் கேட்கிறது. ஒன்று, "அது வந்தா அவ்வளவுதான்." இன்னொன்று, "எல்லாம் தலையெழுத்து." இந்தப் பேச்சு சரிதானா என்று கணக்குப் பார்ப்போம். கணக்கு நமக்குப் புதிதல்ல. பால் எடை குறைந்தாலும், குலை எண்ணிக்கை குறைந்தாலும் கிராணியோடு மல்லுக்கு நிற்கிறவர்கள்தானே நாம்!

நம் நாட்டில் 2007 முதல் 2011 வரை இந்நோய் கண்ட பெண்களை, 2016 வரை தொடர்ந்து கவனித்துச் சுகாதார அமைச்சு கணக்கெடுத்தது. அறிக்கை 2018இல் வந்தது. நோய் கண்டு ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 67 பேர். வேறு காரணங்களால் வரும் சாவை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு இது. ஆகவே "வந்தா அவ்வளவுதான்" என்பது தப்பு. மூன்றில் இரண்டு பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே கணக்கு 90 பக்கம் நிற்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அதே அறிக்கை பதிலும் சொல்கிறது. முதல் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டினார்கள். இரண்டாம் கட்டத்தில் 80 பேர். மூன்றாம் கட்டத்தில் 60 பேர். நோய் உடம்பெல்லாம் பரவிய நான்காம் கட்டத்தில் 23 பேர்தான். கட்டியிலும் வகை உண்டு, சில வகை வேகமாகப் பரவும். அது நம் கையில் இல்லை. எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. ஆனால் 2012 முதல் 2016 வரையுள்ள தேசியப் பதிவேட்டைப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

இந்தியப் பெண்களின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவேட்டின்படி, நம் பெண்களில் 23 பேருக்கு ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். ஐந்தாண்டு பிழைத்தவர்கள் சீனப் பெண்களில் நூற்றுக்கு 76, நம்மவர்களில் 70, மலாய்ப் பெண்களில் 58. நடுவில் நிற்கிறோம் என்று திருப்திப்பட இதில் ஒன்றுமில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு இனம் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் வருகிறார்கள், சிகிச்சையை முடிக்கிறார்களா, கையில் காசு, வண்டி வசதி உண்டா என்பதெல்லாம் அதற்குள்ளே இருக்கிறது.

சரி, ஏன் தாமதம்? பயம் என்று படித்தவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஜெராம் பாடாங், கெடிஸ், கெல்பின் என்று பகாவ் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பெரட்டுக்குப் போய், உரம் போட்டு, உதிரி பொறுக்கி வீடு திரும்பினால் பொழுது போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு என்ற பயம் வேறு. தோட்டத்திலேயே டிரெஸ்ஸர் இருந்த காலம் பல இடங்களில் மலையேறிவிட்டது. கோலப்பிலாவுக்கோ சிரம்பானுக்கோ போக வேண்டுமென்றால் யாராவது கார் வைத்திருப்பவர் மனம் வைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, உரம் போடுகிறவர். மார்பில் வேர்க்கடலை அளவு கட்டி இருந்தது. "வலிக்கலையே தம்பி, வலிச்சா போகாம இருப்பேனா?" என்றார். இங்கேதான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் நோய்தான் முந்திக்கொள்ளும். கட்டி, அக்குளில் வீக்கம், தோல் குழி விழுவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் இரத்தம் கசிவது, இதில் எது கண்டாலும் அந்த வாரமே கிளினிக்குக்குப் போக வேண்டும். சோதனைக்கு ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது வீண் புரளி. பச்சிலை கட்டிப் பார்க்கிறேன் என்று மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

கண்டுபிடிப்பதோடு காரியம் முடியவில்லை. அறுவை, பிறகு பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றும் மருந்து, சிலருக்கு வாரக்கணக்கில் நாள்தோறும் கதிர்வீச்சு, பலருக்கு ஐந்தாண்டுக்குக் குறையாமல் மாத்திரை. பகாவிலிருந்து புத்ராஜெயா புற்றுநோய்க் கழகத்துக்கு ஏறத்தாழ 100 கிலோ மீட்டர். பாதியில் விட்டுவிடுகிறவர்களைத் திட்டுவது சுலபம். பஸ் காசை யார் கொடுப்பது?

கிள்ளான் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல காரியம் செய்து பார்த்தார்கள். நோய் கண்ட பெண்களுக்குத் துணையாகத் தாதிகளை வைத்து, அடுத்த தேதியை நினைவுபடுத்தி, பயத்தைப் பேசித் தீர்த்து, வழிகாட்டினார்கள். முன்பு நூற்றுக்கு 11 பேருக்கு மேல் சிகிச்சையைக் கைவிட்டார்கள். இந்தத் துணை வந்தபிறகு அது 4 பேராகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை. கூப்பிட்டுப் பேச ஓர் ஆள், அவ்வளவுதான். இதை ஒரு தோட்டத்து மாதர் பகுதி செய்ய முடியாதா? என் கருத்தில், கோயில் திருவிழாவுக்கு வேன் பிடிக்கத் தெரிந்த நமக்கு ஆஸ்பத்திரிக்கும் பிடிக்கத் தெரியும்.

சம்பளம் போகும் என்று பயப்படும் சகோதரிகளுக்குச் சட்டத்தைச் சொல்கிறேன். வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு வருடம் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. மருத்துவ விடுப்பில் கழிக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்லி, எம்.சி.யைப் பத்திரமாகக் கொடுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

40 வயதைத் தொட்ட சொக்சோ சந்தாதாரப் பெண்களுக்கு மார்பகப் படம் எடுக்கும் இலவசப் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019இல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரை உதவித்தொகையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் உண்டு. நோயால் இனி வேலையே செய்ய முடியாது என்ற நிலை வந்தால், 60 வயதுக்கு முன்பே சொக்சோவின் இயலாமை பென்சனுக்கு மனுப் போடலாம். சேமநிதியிலும் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு. பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, டாக்டர் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரைப் பாருங்கள். பெண்ணிடம்தான் பேசுவேன் என்றால், மாதர் பகுதித் தலைவி நிரப்பிக் கொடுப்பார்.