எத்தொட்டியில் எதனை இடுவது?



சென்ற ஆண்டு என் பேரனைக் காண்பதற்காக அவன் பயிலும் கல்லூரியின் விடுதிக்குச் சென்றிருந்தேன். கல்லூரியின் பெயர் ஈண்டு வேண்டா. விடுதி வாயிலில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று தொட்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் இட வேண்டியது இன்னதென்று தெளிவாக எழுதியும் இருந்தது. ஏற்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், விடுதியின் பின்புறத்தில் துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் ஒருவர் தரையில் அமர்ந்து, நீலத் தொட்டியிலிருந்து கொட்டிய காகிதக் குவியலைக் கையாற் கிளறிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு மாணவர் பாதி உண்ட சாம்பார்ப் பொட்டலத்தை அத்தொட்டியில் எறிந்துவிட்டார். “நனைந்ததைப் பழைய பேப்பர்க் கடையில் எடுக்கமாட்டார்கள் ஐயா, பொறுக்கினால் பாதியாவது தேறும்” என்றார் அம்மையார். அவருடைய விரலில் ஒரு துணிக்கட்டு இருந்தது. முதல் நாள் குப்பையில் கிடந்த சவரப் பிளேடு வெட்டியதாம்.

ஒரு பொட்டலம் ஒரு மூட்டைக் காகிதத்தைக் கெடுப்பது எவ்வாறு? பழைய காகிதத்தைப் பெரிய தொட்டியில் நீருடன் இட்டு அடித்துக் கூழாக்குகிறார்கள். அக்கூழில் மிதக்கும் நார்களைச் சல்லடையின்மேல் பரப்பி, நீரை வடித்து, உலர்த்தினால் மீண்டும் காகிதமாகிறது. எண்ணெயோ நீரிற் கரைவதில்லை. நாரைப் பற்றிக்கொண்டு, புதிய தாளில் கறையாகவும் ஓட்டையாகவும் வந்து நிற்கிறது. அன்றியும், ஒவ்வொரு முறை கூழாகும்பொழுதும் நார் சிறிது குறுகுகிறது. ஆகவே ஒரு நார் ஐந்து முதல் ஏழு முறைதான் காகிதமாக முடியும். வாழ்நாள் வரையறுக்கப்பட்ட அப்பொருளைச் சாம்பாரில் தோய்ப்பது நியாயமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தேநீர் அருந்தும் காகிதக் குவளை பலரை ஏமாற்றுகிறது. பெயர்தான் காகிதம், உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு உண்டு. அஃது இல்லையேல் தேநீர் கையில் வழிந்துவிடும். நாரினின்று அப்பூச்சைப் பிரிக்கத் தனிப்பொறி வேண்டும். எல்லா ஆலைகளிலும் அஃது இல்லை. கடைகளிற் பொறி அச்சிட்டுத் தரும் வழவழப்பான ரசீதும் அத்தகையதே. அதன்மேல் வேதிப்பொருட் பூச்சு உள்ளது. இவ்விரண்டையும் காகிதத் தொட்டியில் இடலாகாது. எவர்சில்வர்த் தம்ளரில் தேநீர் தரும் உணவகத்தை நாடுவது இதனினும் எளிய வழி என்பது என் கருத்து.

இனிப் பிளாஸ்டிக். மூன்று அம்புகள் ஒன்றையொன்று தொடரும் முக்கோணத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை வரைந்தவர் உங்களைப்போன்ற ஒரு மாணவரே. 1970-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு அட்டைப்பெட்டி நிறுவனம் ஒன்று நடத்திய போட்டியில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் காரி ஆண்டர்சன் தமது 23-ஆம் வயதில் அச்சின்னத்தை வரைந்து பரிசு பெற்றார். 1988-இல் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கத்தார் அதே அம்பு வடிவினுள் 1 முதல் 7 வரை எண்களை இட்டனர். அவ்வெண் பிளாஸ்டிக்கின் வகையைக் கூறுவதேயன்றி, மீண்டும் பயன்படும் என்று உறுதி கூறுவதன்று. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 2013-இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினர். எனினும் பழைய அம்புகள் இன்னும் பல கலங்களில் உள்ளன.

வகை ஏன் முக்கியம்? தண்ணீர்ப் புட்டி 1-ஆம் வகை. அஃது நீரைவிட அடர்த்தி மிக்கது. அதன் மூடி வேறு வகை, நீரைவிட இலேசானது. இரண்டையும் துண்டாக்கி நீரில் இட்டால் புட்டி மூழ்கும், மூடி மிதக்கும், தாமே பிரிந்துவிடும். ஆனால் 3-ஆம் வகையாகிய பி.வி.சி. கலந்தாலோ, அதுவும் புட்டியுடன் மூழ்கிவிடும். பின்னர் 250 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கும்பொழுது அது சிதைந்து அமில ஆவியை வெளியிட்டு, உருக்கிய முழுவதையும் பழுதாக்கும். வேதியியல் மாணவர் இதனை என்னினும் நன்கு அறிவர். கண்ணாடிக்கும் அலுமினியத்திற்கும் இத்தொல்லைகள் குறைவு. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு போதும்.

உணவுக் கழிவு பச்சைத் தொட்டிக்கு உரியது. உரமாகவோ எரிவாயுவாகவோ பயன்படும். அதனைப் பிளாஸ்டிக் பையிற் கட்டி எறிவதுதான் பெருந்தீங்கு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இல் கிண்டிக் காட்டினின்று பிரித்த நிலத்தில் அமைந்தது. புள்ளிமானும் வெளிமானும் இன்றும் அங்கு உலவுகின்றன. உணவின் மணம் நாடி மான் பையையும் சேர்த்து விழுங்குகிறது. பை செரியாமல் இரைப்பையிலே தங்கிவிடுகிறது. அங்கு இறந்த மான்களின் வயிற்றிற் பிளாஸ்டிக் காணப்பட்ட செய்திகள் வெளிவந்ததுண்டு. குப்பைமேட்டிற்குப் போகும் உணவோ காற்றின்றி அழுகி மீத்தேனை உண்டாக்குகிறது. தீப்பற்றினால் அவ்வாயு தீக்கு இரையாகிறது. 2022 ஏப்ரலிற் பெருங்குடிக் குப்பைமேட்டில் மூண்ட தீ பல நாள் புகைந்ததை நீங்கள் அறிவீர்கள்.

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்கும் நிறுவனங்களை, பல்கலைக்கழகங்கள் உட்பட, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனியே குறிப்பிட்டு, பிறக்குமிடத்திலேயே பிரிக்கும் பொறுப்பை அவற்றின்மேல் வைத்தன. நிறுவனம் என்பது யார்? தொட்டியின் முன்னே பொட்டலத்துடன் நிற்கும் மாணவர்தாமே! கைப்பேசி மின்கலத்தை மட்டும் எத்தொட்டியிலும் இடாதீர்கள். வண்டியில் நசுங்கினாலே தீப்பற்றக்கூடியது. மின்னணுக் கழிவு பெறுவோரிடம் தனியே ஒப்படையுங்கள்.

அன்று ஊர் திரும்புமுன், அம்மையாரின் விரலைப்பற்றிப் பேரனிடம் சொன்னேன். அவனுக்கு அதுவரை அச்செய்தி தெரியாது. இப்பொழுது அவ்விடுதியின் ஒவ்வொரு மாடியிலும், குளியலறைக்கு அருகே, மூடியில் சிறு பிளவு வெட்டிய ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. சவரப் பிளேடுகளை அதில் இடுகிறார்கள். நிறைந்ததும் பிளவை ஒட்டி, மேலே எழுதி, அம்மையாரின் கையிலேயே கொடுக்கிறார்களாம்.