எழுந்து நிற்பது எளிதல்ல

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. ரசம்வரை ருசித்துச் சாப்பிட்ட அப்பா, கை கழுவ எழுந்து இரண்டடி வைத்ததும் கண்கள் செருகிச் சரிந்தார். பக்கத்து மேசைக்காரர் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது.

தரையில் படுக்கவைத்ததும் ஒரு நிமிடத்தில் கண் விழித்தார். “வெயில்ல நடந்து வந்ததுதான்” என்றார் அம்மா. “தண்ணி குடிங்கன்னு சொன்னா கேட்டாத்தானே!” என்று நான் கடிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு நான்கு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். கைநடுக்கமும் மெதுவான நடையும்தான் நோய் என்று நினைத்திருந்தோம். உறவினர் கேட்டால் “வயசாச்சு” என்று மழுப்புவோம்.

மருத்துவர் செய்த சோதனை மிக எளிது. அப்பாவைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் பார்த்தார். மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். அப்பாவுக்கு 38 குறைந்திருந்தது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் அல்லது அதற்கும் அதிகமான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் அழுத்தம் குறைவதை உடனே மூளைக்குத் தெரிவிக்கின்றன. மூளை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. நம்மைக் கேட்காமலே இதைச் செய்வது தன்னியக்க நரம்பு மண்டலம். பார்க்கின்சன் நோய் அதையும் பாதிக்கக்கூடும். வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குச் செல்வதால் அழுத்தம் மேலும் இறங்கும். வெப்பமும் அதற்குத் துணைபோகும். அம்மா சொன்னது பாதி சரிதான்.

மலச்சிக்கல், விழுங்குவதில் சிரமம், சிறுநீரை அடக்க முடியாமை, அளவுக்கு மீறிய வியர்வை ஆகியவையும் இந்நோயில் வரலாம். 1817ல் இந்த நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே மலச்சிக்கலையும் எச்சில் வழிவதையும் குறிப்பிட்டிருக்கிறார். அப்பாவுக்கு நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலச்சிக்கல் இருந்தது. தேக்காவில் வாங்கிய மல்லிகை மணக்கவில்லை என்றும் ஒருமுறை சொன்னார். சிரித்துவிட்டு மறந்துபோனோம். இவை இருந்தாலே பார்க்கின்சன் என்று பொருளல்ல. ஆனால் மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்திகள்.

தேக்காவிலிருந்து சற்றுத் தொலைவில், டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது தேசிய நரம்பியல் கழகம். அதன் முன்னாள் இயக்குநர் டாக்டர் லீ வெய் லிங், தமக்கு ‘புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி’ எனும் மூளை நோய் இருப்பதை 2020ல் தாமே வெளியிட்டார். தொடக்கத்தில் பார்க்கின்சன் போலத் தோன்றினாலும் அது வேறு நோய். உடலின் சமநிலை, கண் அசைவு, விழுங்குதல் ஆகியவற்றை அது பாதிக்கும். 2024 அக்டோபரில், 69 வயதில் அவர் காலமானார். நரம்பியல் நிபுணரான அவரே தம் நோயை மறைக்கவில்லை. நாங்கள் ஏன் மறைத்தோம்?

இப்போது உறவினர் அனைவருக்கும் தெரியும். அப்பா எழுந்தால் யாராவது பக்கத்தில் நிற்கிறார்கள். படுக்கையிலிருந்து இறங்குமுன் ஓரத்தில் சிறிது நேரம் உட்காருகிறார். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றியிருக்கிறார். மாத்திரையை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

போன வாரம் மீண்டும் அதே கடைக்குப் போனோம். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் நான் அவசரமாக எழுந்தேன்.

“கொஞ்சம் இரும்மா. என் உடம்புக்கு இப்பல்லாம் முன்கூட்டியே சொல்லணும்” என்றார் அப்பா.

உட்கார்ந்துவிட்டேன்.