பகலில் மங்கிய விளக்கு

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில், எதிரே வரும் சில கார்களில் பட்டப்பகலிலும் விளக்கு எரிவதைக் கண்டிருப்பீர்கள். வண்டி வருவதைப் பிறருக்கு அறிவிக்கவே அது.

நண்பரின் காரில் இடப்பக்க விளக்கு மட்டும் மங்கியது. இருமுறை பல்பு மாற்றியும் பயனில்லை. ஃபியூஸ் போயிருந்தால் அடியோடு அணைந்திருக்கும். பல்பைக் கழற்றி, ஹோல்டரில் வோல்ட்மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட்!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வோல்ட்மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஓட்டமில்லையேல், ஓம் விதிப்படி, மின்னழுத்த இழப்பும் இல்லை அல்லவா?

காரின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பும் வழி. ஆகவே 21 வாட் பல்பை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தோம். 3 வோல்ட்! எர்த் போல்ட்டில் பிடித்த துரு, சுமார் 2 ஓம் தடையாக நின்றது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் விளக்கு பளிச்சென எரிந்தது. கழற்றிப் போட்ட பல்புகள் இரண்டும் நல்லவையே!