மறவியும் காவலும்

திருக்குறளிலே பொச்சாவாமை என்னும் அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மறதி மனிதருக்கு இயல்புதானே? இயல்பாய் வருவதைக் குற்றம் எனல் எவ்வாறு பொருந்தும்?" என்று வினவினான். தன் உருவு, செல்வம், ஆற்றல் முதலியவற்றால் மகிழ்ந்து, காக்கவேண்டியவற்றைக் காவாது சோர்தலே பொச்சாப்பு என்பது பரிமேலழகர் கருத்து. அதனைக் கூறி அமைந்தேன். மாணவன் அமர்ந்தான், ஆயினும் என் விடை எனக்கே நிறைவு தரவில்லை. தக்க விடை, இலக்கியத்தோடு தொடர்பில்லாத ஓரிடத்திலே பின்னர்க் கிடைத்தது. அஃது ஆகாய விமானங்கள் தரையினின்று எழும் வேளையிலே நேர்ந்த விபத்துக்களின் வரலாறு.

1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலே, போயிங் நிறுவனத்தார் புதிதாக அமைத்த பெரிய போர் விமானமொன்று சோதனைக்காக எழுந்தது. எழுந்த சிறிது நேரத்திலேயே நிலைகுலைந்து வீழ்ந்தது. ஓட்டிய மேஜர் ஹில் தேர்ச்சி மிக்கவர். அவரும், உடன்சென்ற தலைமைச் சோதனை விமானியும் உயிர் இழந்தனர். விமானத்திலே பழுது யாதும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்று அலையாவண்ணம் சுக்கான்களைப் பிணித்து வைக்கும் பூட்டினைத் திறக்க மறந்தமையே காரணம். இதன் பின்னரே, செய்யவேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்து, படித்துச் சரிபார்க்கும் பட்டியல் முறை விமானிகளிடையே நிலைபெற்றது. நினைவு வல்லவர்களும் நினைவை நம்பலாகாது என்பதே அதன் உட்பொருள்.

எனினும் பட்டியல் இருந்தும் மறவி நுழைந்தது. விமானம் விரைந்து பறப்பதற்கு ஏற்றவாறு அமைந்த இறக்கை, மெதுவாகச் செல்லும்போது போதிய தாங்குவிசையைத் தராது. ஆதலின், எழுமுன் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களைக் கீழ்நோக்கி நீட்டுவர். பல விமானங்களிலே முன்விளிம்புத் தகடுகளையும் நீட்டுவர். இவற்றை நீட்டாது எழுந்தால், விமானம் சிறிது உயர்ந்து, தாங்குவிசை இழந்து வீழும். நீட்ட மறந்தால் எச்சரிக்கும் ஒலிக்கருவியும் உண்டு.

1987 ஓகஸ்ட் 16ஆம் நாள் டெட்ரோயிற் நகர நிலையத்திலே, எம்.டி.-82 வகை விமானமொன்று அம்மடல்களும் தகடுகளும் நீட்டப்படாமலே புறப்பட்டது. தரையிலே செல்லும்போது ஓடுபாதை மாற்றம் அறிவிக்கப்பட்டது. திரும்பவேண்டிய வழியொன்றையும் விமானிகள் தவறவிட்டனர். இத்தடுமாற்றத்திலே பட்டியல் படிக்கப்படவில்லை. எச்சரிக்கைக் கருவிக்கு மின்னோட்டம் செல்லாதிருந்தமையால் அதுவும் ஒலிக்கவில்லை. எழுந்த விமானம் இருமருங்கும் ஆடி, விளக்குக் கம்பமொன்றில் மோதி வீழ்ந்தது. விமானத்திலிருந்த 155 பேரில் 154 பேரும், தரையில் இருவரும் மாண்டனர். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றே பிழைத்தது.

கருவி ஒலித்திருந்தால் யாவும் நன்றாய் முடிந்திருக்கும் என்றும் கூறவியலாது. 1999 ஓகஸ்ட் 31ஆம் நாள், ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவனஸ் அயர்ஸிலே, மடல் நீட்டாது ஓடிய போயிங் 737 விமானத்தில் எச்சரிக்கை ஒலி இடைவிடாது எழுந்தது. புறப்பாட்டுக்கு முன் சொந்தக் கதைகளிலே மனஞ் செலுத்திய விமானிகள் அவ்வொலியையும் பொருட்படுத்தாது ஓட்டினர். 65 உயிர்கள் அழிந்தன.

2008 ஓகஸ்ட் 20ஆம் நாள் மட்றிட் நகரிலே நிகழ்ந்ததோ என் நெஞ்சை மிகவும் வருத்தியது. கனாரித் தீவுகளுக்குச் செல்லவிருந்த அவ்விமானமும் எம்.டி.-82 வகையினதே. வெப்பமானி ஒன்றின் கோளாற்றால் அது புறப்படாது திரும்பியது, தாமதம் ஏற்பட்டது. மீண்டும் புறப்படுகையில், பட்டியலைப் படித்து வருமிடத்து மடல்களுக்குரிய பகுதியிலே இடையீடு நேர்ந்தது; அது விடுபட்டது. இறுதிச் சரிபார்ப்பிலே துணைவிமானி மடல்களுக்குரிய எண்ணை வாயாற் கூறினார். ஆயின் அது கருவியைக் கண்டு கூறியதன்று. வழக்கத்தால் நாவில் வந்தது. எச்சரிக்கைக் கருவியும் மௌனம் சாதித்தது. 172 பேரில் 154 பேர் மாண்டனர். டெட்ரோயிற் விமானத்தினுள் மாண்டோர் தொகையும் அதுவே.

இதனினும் துயரமானதொன்று உண்டு. டெட்ரோயிற் விபத்தின் பின்னர், அவ்வகை விமானங்களை ஆக்கிய நிறுவனம், ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னரும் எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்குமாறு அறிவுறுத்தியிருந்தது. இருபத்தொரு ஆண்டுகளின் பின், மட்றிட்டிலே அவ்வழக்கம் கைக்கொள்ளப்படவில்லை. விமானிகள் மறந்தது ஒரு கணம். 156 உயிர்கள் கொடுத்துப் பெற்ற பாடத்தை மறந்தோர் பலர். "விமானியின் தவறு" என்று சொல்லி அமைதல் எளிது. ஆனால் அச்சொல் மற்றையோரின் மறவியை மறைத்துவிடும்.

பிறர் தவறு பேசும் நான் என் தவறு ஒன்றையும் சொல்லுதல் முறை. இருபது ஆண்டுகளுக்கு முன், மாணாக்கரைக் கீரிமலைக்கு அழைத்துச் சென்றேன். மாலையிலே பேருந்தில் ஏறியதும் பெயர்களைக் கூப்பிட்டேன். அவை எனக்கு மனப்பாடம். ஆதலின் இடாப்பினையும் பார்த்திலேன், முகங்களையும் பார்த்திலேன். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" என்ற குரல் வந்தது. இரண்டு மைல் கடந்த பின்னரே, ஒரு பிள்ளை இல்லை என்பதை அறிந்தோம். அவன் பெயருக்குத் தோழன் ஒருவன் விளையாட்டாக விடையிறுத்திருந்தான். திரும்பிச் சென்றபோது, கேணிப் படியிலே, நனைந்த துணியைக் கையிற் பிடித்தபடி தனியே நின்றான் அச்சிறுவன். அவன் அழவில்லை. "ஐயா வருவீர்கள் என்று தெரியும்" என்றான். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது. மட்றிட் விமானியின் நா கூறிய எண்ணுக்கும், அன்று என் நா கூறிய பெயர்களுக்கும் வேற்றுமை என்ன? எனக்குத் திரும்பிச் செல்ல வழி இருந்தது, அவருக்கு இருக்கவில்லை.

மறு ஆண்டு அதே அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, வினவிய மாணவனை வேறொரு வகுப்பிலிருந்து அழைப்பித்துக் கூறினேன்: "தம்பி, நீ சொன்னது மெய். மறதி இயல்பே, ஆற்றல் மிக்கோர்க்கும் அது வரும். ஆற்றலை நம்பி, மறதிக்குக் காவல் வையாதிருத்தலும், வைத்த காவலை வெறும் ஓசையாக்குதலுமே பொச்சாப்பு." அவன் தலையசைத்தான்.

அன்று முதல் நான் இடாப்பு வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். சில நிமிடங்கள் கூடுதலாகச் செல்கின்றன. செல்லட்டும்.