வட்டில் பிறந்த கணினி முறைமைகள்: எழுச்சியும் வீழ்ச்சியும்

விண்டோஸ் கணினியொன்றைத் திறப்போர் அதன் பிரதான சேமிப்பகம் 'சீ' என்ற எழுத்தினாற் குறிக்கப்படுவதை நாளாந்தம் காண்கின்றனர். அதற்கு முந்திய 'ஏ', 'பீ' ஆகிய இரு எழுத்துகளும் எங்கே போயின என்ற கேள்வி இன்றைய இளந்தலைமுறையினரிடம் எழுவது அரிது. அவ்விரு எழுத்துகளும் பிளொப்பி எனப்பட்ட நெகிழ்வட்டுகளைச் செருகும் இரு செலுத்திகளுக்கு உரியனவாக இருந்தன. வன்தட்டு பின்னர் வந்தமையால் மூன்றாவது எழுத்தே அதற்குக் கிடைத்தது. நெகிழ்வட்டு வழக்கொழிந்துவிட்டது; அது விட்டுச்சென்ற எழுத்து வரிசை மட்டும் நீடிக்கிறது. இந்தச் சிறு எச்சத்தின் பின்னால், கணினி உலகின் ஆதிக்கம் எவ்வாறு கைமாறியது என்பது பற்றிய பெரியதொரு வரலாறு உண்டு.

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து வைப்பதே பணிசெயல் முறைமையாகும். 1970 களின் முற்பகுதியில் நுண்செயலிகள் அறிமுகமானபோது அவற்றுக்கென இத்தகைய முறைமை இருக்கவில்லை. துளையிட்ட கடதாசி நாடாக்கள் மூலமே பெரும்பாலும் கட்டளைகள் ஏற்றப்பட்டன. நாடாவில் ஒன்றைத் தேடுவதாயின் அதனைத் தொடக்கத்திலிருந்தே ஓடவிட வேண்டும். 1971 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய நெகிழ்வட்டு இந்நிலையை மாற்றியது. வட்டின் எப்பகுதியையும் நேரடியாக வாசிக்க முடிந்தது. ஆனால் எந்தக் கோப்பு வட்டின் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கணக்கு வைத்திருக்கவும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது.

அந்தத் தேவையை நிறைவு செய்தவர் கெரி கில்டோல். கலிபோர்னியாவின் மொன்டரே நகரிலுள்ள கடற்படைப் பட்டப்பின் கல்லூரியில் கணினி விஞ்ஞானம் கற்பித்த அவர், இன்டெல் நிறுவனத்தின் ஆலோசகராகவும் பணியாற்றினார். இன்டெலின் 8080 செயலிக்காக 1974 இல் அவர் உருவாக்கிய முறைமையே சீ.பீ.எம். ஆகும். இன்டெல் அதில் ஆர்வங்காட்டாத நிலையில், தமது மனைவி டொரதி மக்யூவனுடன் இணைந்து 1976 இல் அவர் ஆரம்பித்த நிறுவனமே பின்னாளில் டிஜிட்டல் ரிசேர்ச் எனப் பெயர் பெற்றது.

கில்டோல் செய்த மிக முக்கியமான காரியம் எதுவெனில், முறைமையை இரண்டாகப் பிரித்தமையே. ஒவ்வொரு கணினியின் வன்பொருளுக்கும் ஏற்ப மாற்றவேண்டிய பகுதியைத் தனியாக ஒதுக்கி, அதற்கு 'பயோஸ்' எனப் பெயரிட்டார். எஞ்சிய பகுதி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. இதனால் புதிய கணினியொன்றைத் தயாரிப்பவர் அச்சிறு பகுதியை மாத்திரம் எழுதினாற் போதும் என்றாயிற்று. வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருள்கள் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயங்கக்கூடியதாக இருந்தமைக்கு இதுவே காரணம். மென்பொருளுக்கென ஒரு பொதுச் சந்தை இவ்வாறே பிறந்தது.

1980 இல் தனிநபர் கணினியொன்றைத் தயாரிக்க முனைந்த ஐ.பி.எம்., முதலில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தை அணுகியது. பேசிக் போன்ற கணினி மொழிகளையே அப்போது முதன்மையாக விற்றுவந்த அந்நிறுவனம், பணிசெயல் முறைமைக்காக ஐ.பி.எம். அதிகாரிகளைக் கில்டோலிடம் அனுப்பி வைத்தது. அவர்கள் நீட்டிய இரகசியக் காப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட டொரதி தயங்கினார். கில்டோல் அன்று விமானத்தில் உல்லாசமாகப் பறந்து கொண்டிருந்ததால் வாய்ப்பைக் கைநழுவ விட்டார் என்றொரு கதை இன்றும் உலாவுகின்றது. அவரோ தொழில் நிமித்தம் வாடிக்கையாளர் ஒருவரைக் காணவே சென்றிருந்ததாகக் கூறினார். எவ்வாறாயினும் பேச்சுவார்த்தை நிறைவு பெறவில்லை என்பதே உண்மை.

அதேவேளை, சியாட்டில் கம்பியூட்டர் புரொடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் டிம் பற்றர்சன் என்ற பொறியியலாளர், இன்டெலின் புதிய 8086 செயலிக்கான சீ.பீ.எம். வரத் தாமதமானதால் தாமே ஒரு முறைமையை எழுதியிருந்தார். சீ.பீ.எம். மென்பொருள்களை எளிதில் மாற்றியமைக்கும் பொருட்டு, அதன் கட்டளை அழைப்பு முறையை அவர் பின்பற்றினார். கோப்புகளைக் கணக்கு வைக்க 'பட்' எனப்படும் வேறொரு அட்டவணை முறையைக் கையாண்டார். மைக்ரோசொப்ட் 1980 டிசம்பரில் 25 ஆயிரம் டொலருக்கு இதன் உரிமத்தைப் பெற்றது. வாடிக்கையாளர் ஐ.பி.எம். என்பது அப்போது சியாட்டில் நிறுவனத்துக்குத் தெரியாது. 1981 ஜூலையில் மேலும் 50 ஆயிரம் டொலர் செலுத்தி உரிமை முழுவதையும் மைக்ரோசொப்ட் வாங்கிக்கொண்டது. அடுத்த மாதம் 12 ஆம் திகதி ஐ.பி.எம். தனது கணினியை அறிவித்தது.

இங்கேதான் வரலாற்றின் திருப்புமுனையை நாம் காண்கின்றோம். மைக்ரோசொப்ட் தனது முறைமையை ஐ.பி.எம். நிறுவனத்துக்கு விற்றுவிடவில்லை, பயன்படுத்தும் உரிமத்தையே வழங்கியது. பிறருக்கு விற்கும் உரிமை அதனிடமே எஞ்சியிருந்தது. கில்டோலின் ஆட்சேபத்தையடுத்து சீ.பீ.எம். 86 முறைமையையும் விற்பனை செய்ய ஐ.பி.எம். இணங்கியது உண்மையே. ஆனால் டொஸ் 40 டொலருக்கும் மற்றையது 240 டொலருக்கும் விற்கப்பட்டபோது வாங்குவோர் எதனைத் தெரிவு செய்திருப்பர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1982 நவம்பரில் கொம்பக் நிறுவனம், ஐ.பி.எம். கணினிக்கான மென்பொருள்கள் இயங்கக்கூடிய தனது கணினியை அறிவித்தது. பயோஸ் பகுதியை அது சட்டத்துக்கு முரணின்றித் தானே எழுதிக்கொண்டது. டொஸ் முறைமையை வழங்க மைக்ரோசொப்ட் காத்திருந்தது. தொடர்ந்து பல நிறுவனங்கள் இவ்வழியைப் பின்பற்றின. ஐ.பி.எம். உருவாக்கிய சந்தையை அதன் போட்டியாளர்கள் பகிர்ந்துகொள்ள, விற்பனையான கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மைக்ரோசொப்டுக்குப் பணம் கிடைத்தது. கணினியைச் செய்தவரை விட, இடையில் நின்ற முறைமைக்கு உரியவரே பலம் பெற்றார்.

எனினும் டொஸ் தன் பிறப்பிலேயே சில எல்லைகளைக் கொண்டிருந்தது. ஐ.பி.எம். கணினியின் 8088 செயலி ஒரு மெகாபைட் நினைவகத்தையே அணுகக்கூடியது. அதில் மென்பொருள்களுக்கு 640 கிலோபைட் மாத்திரமே ஒதுக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே இயங்கியது. கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளையும் மூன்றெழுத்துப் பின்னொட்டையும் தாண்ட இயலவில்லை. ஐ.பி.எம். கணினித் திரை அறிந்திருந்த 256 குறிகளுள் தமிழோ சிங்களமோ அரபோ இடம்பெறவில்லை. தமிழுக்கான ஆதரவு, மைக்ரோசொப்டின் முறைமைகளுள் முதன்முதலாக விண்டோஸ் 2000 பதிப்பிலேயே உள்ளிணைக்கப்பட்டது. எமது மொழி கணினியில் இடம்பெறுவதும் முறைமையின் உரிமையாளர் எடுக்கும் தீர்மானத்தில் பெரிதும் தங்கியிருந்தது என்பதை இது உணர்த்துகின்றது.

இத்தகைய குறைபாடுகளுக்கு மத்தியிலும் டொஸ் நிலைத்தமைக்கு அதன் தரம் மட்டும் காரணமன்று. டிஜிட்டல் ரிசேர்ச் 1988 இல் டி.ஆர். டொஸ் என்ற போட்டி முறைமையை வெளியிட்டது. 1990 இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு மேம்பட்ட நினைவக முகாமைத்துவத்துக்காகப் பாராட்டப்பட்டது. ஆனால் மைக்ரோசொப்ட் பல தயாரிப்பாளர்களுடன் செய்திருந்த உடன்படிக்கையின்படி, விற்பனையாகும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் டொஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் செலுத்த வேண்டும். வேறொரு முறைமையை இடுபவர் இருமுறை செலவிட நேர்ந்தது. 1994 இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் ஏற்பட்ட இணக்கப்பாட்டின் பின்னரே இந்நடைமுறை கைவிடப்பட்டது. டி.ஆர். டொஸ் உரிமையைப் பின்னர் வாங்கிய கல்டேரா நிறுவனம் 1996 இல் தொடுத்த வழக்கு 2000 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. மைக்ரோசொப்ட் செலுத்திய தொகை 28 கோடி டொலர் எனப் பல ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது. ஆனால் அதற்குள் சந்தை மாறிவிட்டிருந்தது.

டொஸ் முறைமையின் முடிவும் வெளியிலிருந்து வரவில்லை. 1990 இல் விண்டோஸ் 3.0 அதன் மேல் ஏறி அமர்ந்தது. 1995 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் 95 அதனைத் தனக்குள் மறைத்துக்கொண்டது. 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது வீட்டுப் பாவனையாளர்களுக்கும் டொஸ் அடித்தளம் அற்ற முறைமை கிடைத்தது. பெற்றெடுத்தவரே அதனை ஓய்வுபெறச் செய்தார் எனலாம். கெரி கில்டோல் இவை நிறைவேறும் முன்னரே, 1994 ஜூலையில், தமது 52 ஆவது வயதில் காலமானார். 2014 இல் பசுபிக் குரோவ் நகரில் அவரது முன்னாள் அலுவலகத்தின் முன் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சீ.பீ.எம். முறைமையினதும் ஆரம்பகால டொஸ் பதிப்புகளினதும் மூலநிரல்கள் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் ஊடாகப் பொதுப் பார்வைக்கு வந்தன. 1994 இல் ஜிம் ஹோல் என்ற மாணவர் ஆரம்பித்த இலவச முறைமையான பிரீடொஸ் இன்றும் பேணப்பட்டு வருகின்றது.

கில்டோல் தோற்றவர் என்றும் பில் கேட்ஸ் வென்றவர் என்றும் இதனைச் சுருக்கிவிடுவது பொருத்தமன்று. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஓர் இடைத்தளம் வேண்டும் என்ற சிந்தனை வென்றது. அதனை உருவாக்கியவர் வெல்லவில்லை. அந்த இடைத்தளம் பொதுவானதாக மாறிய அளவுக்கு அதன் உரிமையாளரின் பிடியும் இறுகியது. வசதியும் தங்கியிருத்தலும் ஒரே வாயிலால் உள்ளே வந்தன.

பாடசாலைகளும் அலுவலகங்களும் இன்று தமது பதிவேடுகளையும் கடிதங்களையும் எங்கோ உள்ள நிறுவனங்களின் சேவைகளில் ஒப்படைத்து வருகின்றன. இவற்றைத் தெரிவு செய்யும்போது விலை குறைவா, பயன்படுத்த இலகுவா என்ற கேள்விகளுடன் நின்றுவிடலாகாது. பின்னொரு நாளில் எமது ஆவணங்களுடன் வெளியேற வழியுண்டா, எமது மொழிக்கு அங்கு உரிய இடமுண்டா என்பனவும் ஒப்பமிடும் முன்னரே கேட்கப்பட வேண்டியவை. நாற்பது டொலர் வட்டு ஒன்றின் வரலாறு எமக்கு விட்டுச் சென்றிருக்கும் பாடம் இதுவேயாகும்.