தொழிற்கல்வியில் நிலை அறிந்து சேர்தல்

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்துத் தொழிற்கல்விக்குச் செல்வோர், எந்தத் தொழில் என்பதோடு எந்த நிலை என்பதையும் ஆராய்வது இன்றியமையாதது. ஏனெனில் ஒரே துறையைச் சார்ந்த படிப்புகளும் நிலைக்கேற்ப வெவ்வேறு பணிகளுக்கே மாணவரை ஆயத்தப்படுத்துகின்றன.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் கைத்திறனுக்கு முதன்மை அளிப்பவை. எட்டாம் வகுப்பு தேறியவர் ஓராண்டு வெல்டர் பயிற்சியிலும், பத்தாம் வகுப்பு தேறியவர் ஈராண்டு பிட்டர், எலக்ட்ரீஷியன் பயிற்சிகளிலும் சேரலாம். நிறைவில் நடைபெறும் அகில இந்தியத் தேர்வில் தேர்ச்சி பெறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பயிலும் பாலிடெக்னிக் பட்டயப் படிப்போ, கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டு, வேலையைத் திட்டமிடவும் மேற்பார்வையிடவும் வல்லவர்களை உருவாக்குகிறது.

இந்நிலைகளுக்கு இடையே வழி அடைபட்டிருக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. பயிற்சி முடித்தவரும், உரிய பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவரும் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றவர் அவ்வாறே பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே கணிதத்தில் இடர்ப்படும் மாணவரைப் பட்டயப் படிப்பில் வற்புறுத்திச் சேர்ப்பதும், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் விவரம் அறியாது முதலாண்டில் சேர்ந்து ஓராண்டை இழப்பதும் தவிர்க்கத்தக்கவை. ஐ.டி.ஐ.களுக்கு அங்கீகாரம் தொழிற்பிரிவு வாரியாக அளிக்கப்படுவதால், நிலையத்தின் பெயரை மட்டும் நம்பாமல், விரும்பும் பிரிவுக்கு அங்கீகாரம் உள்ளதா எனப் பெற்றோர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.